குழந்தைகளின் கண்ணொளி காப்போம்



எண்ணையும் எழுத்தையும் கண் என்று போற்றிய மரபு நம்முடையது. வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் இக்கருத்தை வைத்தார். ஔவையாரும் கொன்றைவேந்தனில் இதனையே மொழிந்தார். எழுத்துக் கண் என்றால், அந்த எழுத்தைக் கற்பதற்கு முகத்திலுள்ள கண் முதலில் செவ்வனே இயங்க வேண்டுமன்றோ? ராஸ் அல் கைமாவில் வார இறுதிதோறும் தமிழ் கற்பிக்கும் நாம், இந்த எளிய உண்மையை ஒரு சிறுவனிடமிருந்தே கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தை இவ்வாண்டு மலரின் வழியே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

புள்ளி இல்லாத எழுத்துகள்

நம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பயின்றான். வாய்மொழியாகக் கேட்டால் மணி மணியாக விடை சொல்வான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் மட்டும் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் யாவும் மறைந்துவிடும். 'பள்ளி' என்பதைப் 'பளளி' என்பான். 'தம்பி' என்பதைத் 'தமபி' என்பான். கவனக்குறைவு என்றே நாம் முடிவு செய்தோம். மதிப்பெண்ணைக் குறைத்தோம். ஐம்பது முறை எழுதி வரச் சொன்னோம். வியப்பென்னவெனில், வீட்டில் புத்தகத்தைப் பார்த்து எழுதிய அந்த ஐம்பது வரிகளிலும் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. அதன் பொருளையும் நாம் அப்போது உணரவில்லை.

ஒருநாள் இடைவேளையில் அவன் தன் தோழனின் மூக்குக்கண்ணாடியை விளையாட்டாக அணிந்து பலகையைப் பார்த்தான். பின்னர் நம்மிடம் ஓடிவந்து, "டீச்சர், எழுத்துக்கு மேல புள்ளி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். அவன் கண்டும் எழுதாமல் விட்டவனல்லன், காணாததால் எழுதாதவன். அடுத்த வாரமே பெற்றோர் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். கண்ணாடி வந்தது, புள்ளிகளும் வந்தன. நாம் குறைத்த மதிப்பெண்களை எண்ணி வருந்தினோம்.

அதே ஆண்டு மற்றொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. ஒன்பது வயது மாணவி ஒருத்தி, எழுத்து முத்து முத்தாக இருக்கும், பிழையே வாராது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பாட்டியின் கண் பரிசோதனைக்குத் துணையாகச் சென்றவளின் கண்களையும் மருத்துவர் தற்செயலாகச் சோதித்தார். வலக்கண் குறையற்றது. இடக்கண்ணோ, அட்டையின் மேல்வரிசைப் பெரிய எழுத்தையன்றி வேறொன்றையும் காணவில்லை. அவளுக்கும் தெரியாது, அன்னைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. "மூன்று, நான்கு வயதில் வந்திருந்தால் இன்னும் எளிதாயிருக்கும்" என்று மருத்துவர் கூறினாராம்.

இவ்விரு பிள்ளைகளும் நமக்கு உணர்த்தியது ஒன்றே. குழந்தை தன் பார்வைக் குறையைத் தானாகக் கூறாது. பிறந்தது முதல் மங்கலாகவே கண்ட குழந்தைக்கு, உலகமே மங்கல் என்பதுதான் இயல்பு. ஆதலின் கேட்டறிய வேண்டியவரும், சோதித்தறிய வேண்டியவரும் பெரியவர்களாகிய நாமே.

1. கண் காணும் முறை

பொருளிலிருந்து வரும் ஒளி, கண்ணின் முன்புறமுள்ள கருவிழி வழியாகவும், அதன் பின்னுள்ள வில்லை வழியாகவும் வளைந்து சென்று, பின்புறமுள்ள விழித்திரையில் குவிகிறது. விழித்திரை அதனை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. உண்மையில் காண்பது மூளையே. கண் அதற்கு வாயில்.

பிறந்த குழந்தையின் கண்பந்து முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமே உடையது. வளர்ந்தவர் கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி அளவோடு நிகழ்ந்தால் ஒளி சரியாக விழித்திரையில் குவியும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும், ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கண்ணாடி தேவைப்படும். டயாப்டர் என்பது கண்ணாடியின் திறனை அளக்கும் அலகு. கடைகளில் 'பவர்' என்று நாம் வழங்குவது இதனையே.

2. கண்ணாடியால் திருத்தக்கூடிய மூன்று குறைகள்

கிட்டப்பார்வை: மருத்துவர் இதனை மயோப்பியா என்பர். கண்பந்து நீண்டுவிடுவதால் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். அருகிலுள்ளது தெளிவாகவும், தொலைவிலுள்ளது மங்கலாகவும் தோன்றும். நம் புள்ளி விட்ட மாணவனுக்கு இருந்தது இக்குறையே. குழிலென்சு இதனைத் திருத்தும். மருத்துவச் சீட்டில் கழித்தல் குறியோடு எழுதப்படுவது இது.

தூரப்பார்வை: ஹைப்பர்மெட்ரோப்பியா என்பது இதன் பெயர். கண்பந்து குறுகியிருப்பதால் ஒளி விழித்திரையைத் தாண்டிக் குவிய முற்படும். சிறு குழந்தைகளிடம் ஓரளவு தூரப்பார்வை இருப்பது இயல்பே. வளர வளர அது குறையும். மிகுதியாக இருப்பின், குழந்தை வில்லையை இடைவிடாது சுருக்கி உழைக்க வேண்டியிருக்கும். அதனால் தலைவலி, படிப்பில் சலிப்பு, சிலருக்கு மாறுகண் ஆகியன தோன்றும். குவிலென்சு இதனைத் திருத்தும். சீட்டில் கூட்டல் குறியோடு எழுதப்படும்.

பார்வைச் சிதறல்: ஆஸ்டிக்மாட்டிசம் எனப்படும். கருவிழி பந்தைப் போல் எப்பக்கமும் ஒரே வளைவாக இராமல், முட்டையைப் போல் ஒருபுறம் கூடுதலாக வளைந்திருக்கும். இதனால் ஒரு திசையிலுள்ள கோடுகள் தெளிவாகவும் மற்றொரு திசையிலுள்ளவை மங்கலாகவும் தெரியும். உருளை வடிவ லென்சு இதனைத் திருத்தும். சீட்டில் காணும் 'ஆக்சிஸ்' என்னும் எண், அந்த லென்சு எக்கோணத்தில் அமைய வேண்டும் என்பதைக் குறிக்கும். சட்டம் வளைந்து கண்ணாடி சாய்ந்தால் இக்கோணமும் பிசகும். ஆகவே வளைந்த சட்டத்தை அன்றே நிமிர்த்துதல் நலம்.

3. சோம்பல் கண்: காலம் கருதிச் செய்ய வேண்டிய மருத்துவம்

நம் மாணவிக்கு இருந்தது சோம்பல் கண். ஆம்பிளையோப்பியா என்று மருத்துவ நூல்கள் இதனைக் கூறும். நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்கு இது காணப்படுகிறது. பெயர்தான் சோம்பல், குழந்தையின் சோம்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இரு கண்களும் மூளைக்குப் படம் அனுப்புகின்றன. ஒரு கண்ணின் 'பவர்' மற்றதைவிட மிகுதியாக இருந்தாலோ, ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, இமை இறங்கியோ புரை படர்ந்தோ ஒளியைத் தடுத்தாலோ, ஒரு படம் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் அமையும். மூளை தெளிவானதை ஏற்று, மங்கலானதைப் புறக்கணிக்கத் தொடங்கும். நாளடைவில் அக்கண்ணுக்குரிய மூளைப்பகுதி வளர்ச்சி குன்றிவிடும். பின்னர் எத்துணைச் சிறந்த கண்ணாடி அணிந்தாலும் அக்கண்ணால் முழுமையாகக் காண இயலாது.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிவியலறிஞர்கள் 1960களில் பூனைக்குட்டிகளிடம் செய்த ஆய்வுகள் இதனை விளக்கின. பிறந்த தொடக்க நாட்களில் ஒரு கண்ணின் இமையை மூடி வைத்தபோது, பின்னர் திறந்தாலும் மூளை அக்கண்ணின் செய்தியை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அவ்வாறே செய்தபோது அத்தகைய கேடு விளையவில்லை. பார்வைக்கும் ஒரு பருவம் உண்டு என்பது இதனால் புலனாயிற்று. இவ்வறிஞர்களுக்கு 1981ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிட்டியது. பருவத்தே பயிர் செய்ய வேண்டும் என்று நம் முன்னோர் உழவனுக்குக் கூறியது கண்ணுக்கும் பொருந்துகின்றது.

மருத்துவம் எவ்வாறு? முதலில் சரியான கண்ணாடி. சில குழந்தைகளுக்கு அதுவொன்றே போதுமானதாகிவிடும். போதாவிடில், நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் நாள்தோறும் சில மணி நேரம் மூடி, குன்றிய கண்ணை உழைக்கச் செய்வர். எத்துணை நேரம் மூட வேண்டும்? அமெரிக்காவில் ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நடுத்தரமான குறைக்கு ஆறு மணி நேரம் மூடுவதும் இரண்டு மணி நேரம் மூடுவதும் ஒத்த பயனையே தருவதைக் காட்டியது. அந்நேரத்தில் படம் வரைதல், படித்தல் போன்ற அருகுப் பணி செய்வது அம்முறையின் பகுதியாகும். ஒட்டுத்துணியை ஏற்காத குழந்தைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்திட்டு அதனைச் சற்று மங்கச் செய்வதும் உண்டு. மூடும் நேரத்தையும் காலத்தையும் மருத்துவரே வரையறுக்க வேண்டும். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண் நலியக்கூடும்.

வயது கடந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோர்க்கும் ஓர் ஆறுதல் உண்டு. 2005ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுள் மருத்துவம் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். நம் மாணவியும் இப்போது நாள்தோறும் மாலையில் ஒட்டுத்துணியோடு தமிழ்ப்பாடம் எழுதுகிறாள். அட்டையில் மூன்று வரிசைகள் கீழே இறங்கியிருக்கிறாள். காலந்தாழ்ந்ததாலேயே கைவிட வேண்டியதில்லை. ஆயின் காலந்தாழ்த்தாமையே நன்று.

4. மாறுகண் அதிர்ஷ்டமன்று

பிறந்து முதல் மூன்று, நான்கு மாதங்கள் வரை குழந்தையின் கண்கள் சில வேளைகளில் ஒருமித்து நோக்காமல் விலகுவது இயல்பே. அதன் பின்னரும் ஒரு கண் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பினால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்ப்புறங்களில் கூறுவர். அவ்வாறு நம்பிக் காத்திருந்த குழந்தைகள் பலர், அக்கண்ணின் பார்வையை இழந்திருக்கின்றனர்.

எல்லா மாறுகண்ணுக்கும் அறுவை தேவையில்லை. மிகுந்த தூரப்பார்வையால் கண் உள்நோக்கித் திரும்பும் குழந்தைக்குக் கண்ணாடி அணிவித்தாலே கண் நேராகிவிடுவதுண்டு. பிறருக்குக் கண்ணை அசைக்கும் தசைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவம் உண்டு. எவ்வாறாயினும், சோம்பல் கண்ணை முதலில் திருத்துதல் வேண்டும். மாறுகண் மருத்துவம் அழகுக்காக மட்டுமன்று. இரு கண்களும் ஒருமித்துக் கண்டு ஆழத்தை உணர்வதற்காகவுமாகும்.

கண்ணின் பாவை வெண்மையாகத் தோன்றினாலோ, ஒளிப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெண்மையாகவும் விழுந்தாலோ, ஒரு வாரமும் தாமதிக்கலாகாது. பிறவிப் புரையாகவோ, விழித்திரைப் புற்றாகவோ இருக்கக்கூடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்திற்குள்ளேயே விழித்திரைச் சோதனை இன்றியமையாதது.

5. தமிழகம் தந்த படிப்பினை

குழந்தைக் கண் மருத்துவத்தில் தமிழ்நாட்டிற்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுநோயால் விரல்கள் கோணியிருந்தும் அவர் தம் கைகளாலேயே பல்லாயிரம் கண்களுக்கு ஒளி தந்தார். 1978இல் சென்னையில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

அக்காலத்தில் ஏழைக் குழந்தைகளின் கண்ணைப் பறித்தது வைட்டமின் 'ஏ' குறைவு. முதலில் மாலைக்கண் தோன்றும். பின் கண் வறண்டு, கருவிழி உருகிப் பார்வை முற்றும் போய்விடும். திருச்சி மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் 15,419 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கும் என்று உலகிற்குக் காட்டிய ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, கேரட், முட்டை, பால் ஆகியன இச்சத்து நிறைந்தவை. நம் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டியில் இவற்றுக்கும் இடமளிப்போம்.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, தமிழகம் கண்ட வழி எளிமையானது: ஆசிரியர்க்கே பயிற்சியளித்து, அட்டையைக் கொண்டு மாணவரின் பார்வையை முதலில் அவரே சோதிக்கச் செய்தல்; குறை ஐயுறப்பட்டோரை மட்டும் மருத்துவரிடம் அனுப்புதல். 2009ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம், பள்ளி மாணவர்க்குக் கண் பரிசோதனையும் விலையில்லாக் கண்ணாடியும் வழங்கியது. அங்கே ஆசிரியர் செய்ததை இங்கே தமிழ் வகுப்பில் நாமும் செய்யலாமன்றோ? புள்ளியும் சுழியும் கொம்பும் நிறைந்த நம் எழுத்து, பார்வைக் குறையை முதலில் காட்டிக்கொடுக்கும் எழுத்தாகும்.

6. வளைகுடா வாழ்வும் குழந்தையின் கண்ணும்

கிட்டப்பார்வை இன்று உலகெங்கும் பெருகி வருகின்றது. இதற்கு மரபு ஒரு காரணம். வாழ்க்கை முறை மற்றொன்று. 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, சீன வழிவந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை இரு நகரங்களில் ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினர்க்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காட்டினர்க்கே. குருதி ஒன்று, நிலம் வேறு. சிட்னிக் குழந்தைகள் வாரத்திற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் விளையாடினர். சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரமே. பின்னர்ச் சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாடச் செய்தனர். மூன்றாண்டு முடிவில் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினர்க்கும், ஏனைய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினர்க்கும் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. இம்முடிவு 2015இல் வெளிவந்தது.

வெளியிலுள்ள ஒளியின் வலிமையே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது. வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். வெளியில் மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயிலை உற்று நோக்க வேண்டியதில்லை; தொப்பியணிந்து நிழலில் ஆடினாலும் போதும்.

இதனை இங்குள்ள நம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். கோடை வெப்பத்தில் குழந்தைகள் அடுக்ககத்திலிருந்து பேருந்திற்கும், பேருந்திலிருந்து வகுப்பறைக்கும், அங்கிருந்து மீண்டும் அடுக்ககத்திற்குமே செல்கின்றனர். மீதி நேரம் கைப்பேசி. ஆண்டில் பாதி நாள் இவ்வாறு கழிந்தால், மீதிப் பாதியை நாம் வீணாக்கலாகாது. நவம்பர் முதல் மார்ச் வரை ராஸ் அல் கைமாவின் மாலைப்பொழுது இனிமையானது. கழிமுகக் கரையில் நடையும், பூங்காவில் பந்தாட்டமும், விடுமுறை நாளில் ஜபல் ஜைஸ் மலைப் பயணமும் கண்ணுக்கு மருந்தாகும். கோடையிலும் வெயில் ஏறுமுன் காலையில் அரைமணி நேரம் இயலாததன்று.

இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமரலாகாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தை முழங்கை நீளத்திற்குக் குறையாமல் விலக்கிப் பிடித்து, இருபது நிமிடத்திற்கு ஒருமுறை சன்னல் வழியே தொலைவில் நோக்குதல் நலம்.

குளிரூட்டியும் மணற்காற்றும் கண்ணை வறளச் செய்யும். ஒவ்வாமையால் அரிப்பும் உண்டாகும். கண்ணைக் கசக்கும் பழக்கம் கருவிழியின் வடிவையே நாளடைவில் கெடுக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: ஊரிலிருந்து சொட்டு மருந்துகளை மொத்தமாக வாங்கி வந்து, அரிக்கும்போதெல்லாம் இடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை இருக்கும். மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் இட்டால் கண்புரையும் கண்ணழுத்த நோயும் வரக்கூடும். கண்ணழுத்த நோயால் போன பார்வை மீளாது. தாய்ப்பாலும், விளக்கெண்ணெயும் கண் மருந்தாகா.

7. எப்போது, எவ்வாறு சோதிப்பது?

பிறந்தவுடன் ஒருமுறை; முதல் ஆண்டிற்குள் ஒருமுறை; மூன்று வயதில் ஒருமுறை; பள்ளியில் சேர்க்குமுன் ஒருமுறை; பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை. பெற்றோரோ உடன்பிறந்தாரோ சிறுவயதிலேயே கண்ணாடி அணிந்திருப்பின் கூடுதல் கவனம் தேவை. ஊருக்குச் செல்லும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில், திருமண வரவேற்புக்கும் கோவில் நேர்த்திக்கும் நாள் குறிப்பது போலக் கண் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையை எவ்வாறு சோதிப்பது?" என்று பலர் கேட்கின்றனர். குழந்தையின் விடையே தேவையில்லை. கண்ணில் ஒளிக்கோட்டைச் செலுத்தி, விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளியின் அசைவைக் கொண்டே மருத்துவர் 'பவரை'க் கணித்துவிடுவார். குழந்தையின் வில்லை மிக எளிதில் சுருங்கி விரியுமாதலின், சொட்டு மருந்திட்டு அதனை ஓய்வுறச் செய்த பின்னரே அளத்தல் வேண்டும். மருந்திட்ட நாளில் அருகிலுள்ளது மங்கும், வெளிச்சம் கூசும், அஞ்ச வேண்டா, சில மணி நேரத்தில் சரியாகும். அட்ரோபின் இட்டால் சில நாட்கள் நீடிக்கும். மருந்திடாமல் கடையிலுள்ள கணினிப் பொறியால் மட்டும் அளந்து கண்ணாடி வாங்கினால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும் காட்டக்கூடும்.

அட்டையின் 6/6 என்னும் குறியை மாணவர் அறிந்துகொள்க. 1862ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் அமைத்த முறை இது. 6/12 என்றால், குறையற்ற கண் 12 மீட்டர் தொலைவில் காண்பதை, இக்கண் 6 மீட்டர் அருகில் வந்தே காண்கிறது என்பது பொருள்.

8. கண்ணாடி அணிவோர்க்கு

கண்ணாடி அணிந்தால் 'பவர்' ஏறிவிடும் என்று அஞ்சிக் குறைவான 'பவரில்' கண்ணாடி கேட்கும் பெற்றோர் உண்டு. மலேசியாவில் நடந்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனையே சோதித்தது. குறைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கே கிட்டப்பார்வை விரைந்து கூடியது. கண்பந்து வளர்வதால் 'பவர்' ஏறுகின்றது, கண்ணாடியால் அன்று. கேரட் தின்பதாலோ கண் பயிற்சியாலோ நீண்ட கண்பந்து குறுகிவிடாது. விரைந்து ஏறும் பிள்ளைகளுக்குச் செறிவு குறைந்த அட்ரோபின் சொட்டு, தனிவகை லென்சுகள் ஆகியவற்றால் வேகத்தைக் குறைக்கும் வழிகளும் இன்று உள்ளன, மருத்துவரைக் கேட்டறிக.

பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா என்று தயங்கும் பாட்டிமார்க்கும் ஒரு சொல்: அவள் முகத்தைப் பிறர் காண்பதினும், உலகை அவள் காண்பது முதன்மையானது. குழந்தைகளின் கண்ணாடிக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்சே ஏற்றது.

மாணவர்களே! கண்ணாடி அணிந்த தோழனை எள்ளி நகையாடாதீர்கள். உங்கள் ஏளனத்திற்கு அஞ்சி அவன் அதனைப் பையில் ஒளித்து வைத்தால், இழப்பு அவன் கண்ணுக்கே.

பெற்றோர் கவனிக்க வேண்டிய குறிகள்

• தொலைக்காட்சியை மிக அருகில் சென்று பார்த்தல்
• கண்ணைச் சுருக்கியோ தலையைச் சாய்த்தோ நோக்குதல்
• பலகையைப் பார்த்து எழுதுவதில் மட்டும் பிழை வருதல்
• ஒரு கண்ணை மூடினால் அழுதல் அல்லது கையைத் தள்ளுதல்
• வரி தவறிப் படித்தல்; படித்தவுடன் தலைவலி
• மங்கிய ஒளியில் தடுமாறுதல்

வீட்டுப் பயிற்சி

1. நாட்காட்டித் தாளொன்றைச் சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தொலைவில் நின்று, முதலில் வலக்கண்ணையும் பின்னர் இடக்கண்ணையும் உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிப் படியுங்கள். இரு கண்ணுக்கும் வேறுபாடு தெரிகிறதா? தெரிந்தால் பெற்றோரிடம் கூறுங்கள். தெரியாவிடினும் ஆண்டுப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டா.
2. இவ்வாரம் எத்தனை மணி நேரம் வெளியில் விளையாடினீர்கள் என்று கணக்கிட்டு எழுதுங்கள்.
3. மாறுகண், மாலைக்கண், சோம்பல் கண் ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த வாக்கியங்களில் எழுதுங்கள்.

நிறைவாக ஒன்று. இவ்வாண்டு முதல் நம் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கின்றோம். எந்தப் பிள்ளையின் ஏட்டில் புள்ளி விடுபட்டாலும், சிவப்பு மையை எடுக்குமுன் அப்பிள்ளையைப் பின்வரிசையில் நிறுத்தி, "பலகையில் என்ன தெரிகிறது, கண்ணே?" என்று கேட்கின்றோம். வீட்டிலும் நீங்கள் அவ்வாறே கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேளாமல் விட்டால் இழப்பது ஒரு வாழ்நாளின் ஒளி.